முள்ளம்பும் மண்ணுண்டையும்: கொங்குநாட்டு விற்பயிற்சி வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

1. முன்னுரை

கொங்குநாட்டு வரலாற்றை ஆராய்வோர் படைக்கருவிகளைப் பற்றிப் பேசுங்கால் இருவகைச் சான்றுகளையே பெரிதும் நாடுவர். ஒன்று நடுகல், மற்றொன்று கோட்டை, பாளையம் பற்றிய ஆவணம். கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் காணப்பெறும் புலிகுத்திக் கற்கள் புலியோடு பொருத வீரனைக் காட்டுகின்றன. அவன் கையில் வேலோ வாளோ உண்டு. ஆவணங்கள் பாளையக்காரர் வைத்திருந்த துப்பாக்கிகளையும் அவை பறிக்கப்பட்ட வரலாற்றையும் கூறுகின்றன. இவ்விரண்டும் வீரனுடைய முடிந்த நிலையையே நமக்கு அறிவிக்கின்றன. அவன் தன் கண்ணையும் கையையும் முதன்முதல் எதனைக்கொண்டு பழக்கினான் என்னும் வினாவிற்கு நடுகல்லும் விடை தாராது. ஆவணமும் விடை தாராது.

அவ்வினாவிற்கு இலக்கியமும் சொல்வரலாறும் விடை தருகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். பயிற்சிக்கென அமையும் எய்பொருளுக்கு மூன்று இயல்புகள் வேண்டும். அது வீட்டிலேயே செய்து கொள்ளத்தக்கதாதல் வேண்டும். இழந்தால் வருந்தாத அளவிற்கு எளிய பொருளால் ஆகியதாதல் வேண்டும். முற்றத்திலும் வேலியோரத்திலும் எய்தாலும் உயிர்க்கு இறுதி பயவாத சிறுவிசை உடையதாதல் வேண்டும். இம்மூன்று இயல்புகளும் பொருந்திய எய்பொருள்கள் தமிழிலக்கியத்தில் பேசப்படுகின்றன. அவை முள்ளம்பு, கவண்கல், உண்டை என்பன. இவற்றை முறையே ஆராய்வாம்.

2. முள்ளம்பு

புறநானூற்றில் வேட்டுவச் சிறுவர் வில்லேந்தும் காட்சி இரு பாடல்களில் வருகின்றது. ஆவூர்கிழார் பாடிய 322-ஆம் பாட்டில் சிறுவர் சிலர் கள்ளியின் பொரிந்த அடியை ஒட்டி மறைந்து நிற்கின்றனர். புதிதாக வரகு அரிந்த தாளிடையே எலி வருமோ என்று பார்த்திருக்கின்றனர். அவர் வில்லை எடுத்து ஆர்த்த அளவில் எலி அகப்பட்டதோ இல்லையோ, குறுமுயல் வெருண்டோடி முற்றத்துக் கரிபிடித்த கலங்கள் உடையப் பாய்கின்றது. ஆலத்தூர்கிழார் பாடிய 324-ஆம் பாட்டில் வேட்டுவர் மக்கள் பருத்தி வேலியருகே எலியை நோக்கி நிற்கின்றனர். இங்குப் புலவர் அவர்தம் வில்லையும் அம்பையும் செய்முறையோடு கூறியிருத்தல் சிறப்பாக நோக்கத்தக்கது. வளாரை வளைத்த சிறுவில்; ஊகம்புல்லின் மெல்லிய கோலே அம்புத்தண்டு; உடைமரத்து வெண்முள்ளே அம்புமுனை. அம்முள்ளின் அடி உட்டுளை உடையதாதலின் புற்கோல் அதனுட் செறிந்து நிற்கும்.

இவ்வம்பின் உறுப்புகளுள் இரும்பு ஒன்றேனும் இல்லை. கொல்லன் உலைக்குச் செல்ல வேண்டிய தேவையும் இல்லை. வேலியில் நிற்கும் மரமும் காட்டில் விளையும் புல்லும் போதும். அம்பு எலியைக் கொல்லும். மனிதன் மேற் பட்டால் கீறலளவில் நிற்கும். எனவே வீட்டருகே சிறுவர் கையிற் கொடுத்தற்குரிய கருவி இது. கலம் உடைந்த செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. எலியை நோக்கும் விளையாட்டு முற்றத்தை ஒட்டியே நிகழ்ந்தது என்பதை அது புலப்படுத்துகின்றது.

இவ்விரு பாடல்களும் கொங்குநாட்டைப் பெயர்சுட்டிக் கூறவில்லை. ஆதலின் இவற்றைக் கொங்கர்க்கே உரியன என்று கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அவை காட்டும் நிலம் புன்புலம், பயிர் வரகும் பருத்தியும், மரம் உடை, செடி கள்ளி. கொங்கின் மேட்டுக்காடுகளை அறிந்தார்க்கு இந்நிலக்காட்சி அயலதன்று. காங்கயம், தாராபுரப் பகுதிகளில் கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்கள் இடையிடையே நிற்க, கொழுக்கட்டைப்புல் வளர்த்து மாடு மேய்க்கும் கொறங்காடுகள் இன்றும் உள்ளன. சங்கப் பாடல்கள் கொங்கரை ஆநிரை மிக்கவராகவே குறிக்கின்றன. பதிற்றுப்பத்து அவர்தம் ஆக்களைச் சிறப்பித்துக் கூறும். அகநானூற்று 79-ஆம் பாட்டு, மணி பூண்ட அவர்தம் ஆயம் நீர்நாடிச் செல்லும் காட்சியைத் தரும். இத்தகைய நிலத்து ஆநிரை காத்த சிறுவர், இத்தகைய எளிய கருவிகளாற் குறி பழகினர் என்று கொள்ளுதல் தவறாகாது. இஃது உய்த்துணர்வே, நேர்ச்சான்றன்று என்பதையும் உடன் கூறுதல் முறையாம்.

3. கவண்கல்

இரண்டாவது எய்பொருள் கவண்கல். தினைப்புனம் காக்கும் மகளிர் கிளி ஓட்டுதற்குத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் கொண்டிருந்தமையைக் குறிஞ்சிப்பாட்டு கூறும். இவை ஒலியால் வெருட்டுவன என்பர். கவண் அவற்றின் வேறாய்க் கல்லை எறிவது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் புனங்காவலன் விட்ட கவண்கல் ஒன்றின் செலவு விரித்துரைக்கப்படுகின்றது. அது வேங்கைப் பூங்கொத்தைச் சிதறி, ஆசினிப் பழத்தை உதிர்த்து, தேனிறாலைத் துளைத்து, மாங்குலையை உழக்கி, வாழை மடலைக் கிழித்து, இறுதியிற் பலாப்பழத்தினுள் சென்று தங்குகின்றதாம். இது புலவரின் உயர்வு நவிற்சியாயினும், கவண்கல் சிறு பொருளாயினும் விசை மிக்கது என்னும் உண்மை அதனடியில் உள்ளது.

கவண் இவ்வாறு பயிற்சிக்கும் போருக்கும் இடைநிற்கும் கருவியாகும். சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளைக் கூறுமிடத்துக் கல்லுமிழும் கவணையும் சேர்த்தெண்ணுகின்றது. புனத்திற் கிளி ஓட்டிய கருவி மதிலிற் பகை ஓட்டும் பொறியாக வளர்ந்தது. புனத்தில் கைபழகியவனே மதிலிலும் பயன்படுவான். எனினும் முற்றத்தில் கவண் சுழற்றுதல் இடர் பயப்பது. கல் எங்குச் சென்று விழும் என்பதைத் தொடக்கநிலையில் எறிபவனே அறியான். ஆதலின் முன்னர்க் கூறிய மூன்று இயல்புகளுள் முதலிரண்டுமே கவண்கல்லுக்கு உள. மூன்றாவது இயல்பையும் நிறைவுறப் பெற்றது உண்டையே.

4. உண்டை

உண்டைவில் என்பது அம்பிற்கு மாறாகச் சிறு உருண்டையை விடும் வில். நாணின் நடுவே உருண்டையைத் தாங்கும் சிறு பட்டையோ வலையோ இருக்கும். இதனைச் சுண்டுவில் எனவும் கூறுவர். இத்தகைய வில் தமிழகத்திற்கே உரியதன்று. வடநாட்டில் அது குலேல் எனப்பட்டது. சீனத்திலும் தொன்மைக்காலந்தொட்டு உருண்டை விடும் வில் வழங்கியது. ஆயினும் அதனைக் காவியத்தின் உயிர்நிலையில் வைத்தமை தமிழின் தனிச்சிறப்பு எனலாம்.

இராமன் இளமையில் கூனியின் கூன்மேல் உண்டை தெறித்த செய்தியை ஆழ்வார்கள் பாடியுள்ளனர். திருமழிசையாழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் அதனைக் கூறுகின்றார். நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற்பத்தில் அச்செயலைக் கோவிந்தன்மேல் ஏற்றிப் பாடுகின்றார். நம்மாழ்வார் இங்கு எய்தல் என்னாது தெறித்தல் என்னும் வினையை ஆள்வது கருதத்தக்கது. அம்பை எய்வர், உண்டையைத் தெறிப்பர். தெறித்தல் விரலாற் சுண்டுதல் போன்ற சிறுவிசைச் செயல். சொல்லே கருவியின் வலியை அளந்து கூறுகின்றது.

பின்வந்த கம்பர் இச்செய்தியை அயோத்தியா காண்டத்து மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் அமைத்தார். ஆழ்வார்களிடத்து இறைவனின் இளமை விளையாட்டாக நின்ற செயல், கம்பரிடத்துப் பகையின் வித்தாக மாறியது. முடிசூட்டு விழாச் செய்தி கேட்ட மந்தரை, முன்னாளில் இராகவன் வில்லினின்று வந்து தன்மேற் பட்ட உண்டையை நெஞ்சில் நினைக்கின்றாள். வான்மீகத்தில் அவள் பகைக்கு உண்டை காரணமாகக் கூறப்படவில்லை. தமிழ் மரபே அக்காரணத்தைக் கொடுத்தது.

இவ்விடத்து ஆய்வாளர் ஒன்றை நோக்குதல் வேண்டும். இராமன் விட்டது அம்பாயின் மந்தரை மடிந்திருப்பாள், காவியம் நிகழாது. கவண்கல்லாயின் உறுப்புக் குறை நேர்ந்திருக்கும். அரண்மனையில் வழக்கு எழுந்து அன்றே முடிந்திருக்கும். உண்டையாதலின் உடல் ஊறு இல்லை. ஊறு முழுதும் மானத்தின்கண் நின்றது. உடலிற் புண் இல்லாமையால் அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை; பொருட்படுத்தாமையால் அஃது ஆறவில்லை. எனவே இக்கதைமுடிச்சு உண்டையின் சிறுவிசையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. உண்டையின் வலி இத்துணையது என்பதைக் கேட்போர் தம் வாழ்விற் கண்டறிந்திருந்தாலன்றிக் கம்பர் இம்முடிச்சை விளக்கமின்றி விட்டுச் சென்றிரார். அறிந்த பொருளுக்கு விளக்கம் வேண்டா என்பது காவியப் புலவர் வழக்கு.

பாடல்கள் உண்டை எப்பொருளால் ஆகியது என்று கூறாமையின், அது மண்ணுண்டை என்பது எவ்வாறு பெறப்படும் எனின், விளைவால் பெறப்படும் என்க. இரும்பாலோ ஈயத்தாலோ ஆகிய உண்டை உடலிற் பட்டால் இவ்வாறு ஊறின்றி ஒழியாது. அரசிளங்குமரன் விளையாட்டாக ஒரு முதியவள் முதுகிற் குறி பார்க்கத் துணிந்தான் என்றால், அது நொறுங்கும் இயல்பினதாகிய மண்ணே ஆதல் வேண்டும்.

5. தடயமும் சொல்லும்

அங்ஙனமாயின் அத்தகைய மண்ணுண்டைகள் தொல்லிடங்களில் கிடைத்தல் வேண்டுமே என்று ஐயுறலாம். சுட்ட மண் நிலைக்கும். சுடாத மண் நிலையாது. நொய்யற் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்பெறுவது என்பர் அறிஞர். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கியதற்கும் கல்மணிகள் செய்ததற்கும் சிறந்த சான்றுகளை அளித்தன. அவை நெருப்பும் கல்லும் காத்த பொருள்கள். நிழலில் உலர்த்திய உண்டையோ முதல் மழையிலேயே நிலத்தோடு நிலமாய்விடும். புற்கோலும் வளாரும் ஒரு பருவங்கூட நில்லா. எய்தபின் எஞ்சாமையே பயிற்சி எய்பொருளின் இயல்பு. ஆதலின் அகழ்ந்து காணமுடியாத இப்பொருளுக்குச் சொல்லே தடயமாகின்றது.

உண்டை என்னும் சொல் உருட்டிய பொருள் பலவற்றிற்கும் பொது. கோயிலிற் பெறும் சோற்றுருண்டை உண்டைக்கட்டி எனப்படும். மருத்துவர் உருட்டிய மருந்தும் உண்டையே. கையால் உருட்டியது என்னும் கருத்து இவை அனைத்திலும் உள்ளது. வில்லுக்குரிய உண்டையும் அவ்வாறே வீட்டில் உருட்டியதாதல் வேண்டும் என்பதற்கு இது துணை செய்கின்றது.

துப்பாக்கி வந்தபின் இச்சொல் இருவழிப் பிரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் துப்பாக்கியினின்று வருவதைக் குண்டு என்றோம். கணவாய்க்கு அப்பால் மலையாளத்தில் அதனை உண்ட என்றும் வெடியுண்ட என்றும் இன்றும் வழங்குகின்றனர். இந்தியிலும் இதற்கு ஒப்பான வழக்கு உண்டு. அங்குக் கோலி என்னும் ஒரே சொல் சிறுவர் ஆடும் கோலிக்குண்டையும், விழுங்கும் மருந்துருண்டையையும், துப்பாக்கிக் குண்டையும் குறிக்கும். சேய்மையிலுள்ள இரு மொழிகளிலும், உருட்டிய உருண்டைக்குரிய பெயரே கொல்லும் பொருளுக்கும் பெயராகியுள்ளது. புதிய படைக்கலம் பழைய வீட்டுப் பொருளின் பெயரை ஏற்றது. அதன் எளிமையை ஏற்கவில்லை.

தமிழிலும் உண்டைவில் முற்றிலும் மறையவில்லை. வில் மறைந்தது, பெயர் நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் இரப்பரை வலிமைப்படுத்தும் முறை கண்டறியப்பட்டபின், கவட்டைக் குச்சியில் இரப்பர் வார் கட்டிக் கல் விடும் புதுக்கருவி தோன்றிற்று. வளைந்த வில்லும் நாணும் இல்லாத அக்கருவியை நம் மக்கள் உண்டிவில் என்றும் உண்டிகோல் என்றும் அழைத்தனர். வில்லில்லாத கருவிக்கு வில் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதற்குப் பழைய உண்டைவில்லை நினைத்தாலன்றி விடை இல்லை.

இக்கட்டுரையாளர் இளமையிற் கண்டதொன்றை ஈண்டுக் குறித்தல் மிகையாகாது. எம்மூர்ச் சோளக்காட்டில் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் பரண்மேல் காவலிருந்த முதியவர், சிறுவர்க்குக் கூழாங்கல் தாரார். குளத்துக் களிமண்ணை உருட்டி, நிழலில் உலர்த்தி, முறத்தில் பரப்பி வைத்திருப்பார். கல் மாட்டின் கண்ணிற் பட்டால் மாடு போம். மண் பட்டால் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார். அவ்வுண்டை ஒன்று வீட்டுத் திண்ணையோரத் தண்ணீர்ப் பானையை உடைத்த நாளில் யாம் பெற்ற அடியை மறந்தோமல்லேம். பல ஆண்டு கழித்து 322-ஆம் புறப்பாட்டைப் பாடமாகக் கற்றபோது, முற்றத்திற் கலம் உடையும் இடத்திற்கு உரை தேவைப்படவில்லை.

6. துப்பாக்கிக் காலம்

கொங்குநாட்டுப் படைவரலாறு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பெரும் மாற்றம் எய்தியது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோவைப்பகுதி ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்குட்பட்டது. ஓடாநிலையிற் கோட்டை அமைத்துப் பொருத தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இதனிடையே, 1801 திசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது. 1878-இல் இயற்றப்பெற்ற படைக்கலச் சட்டம் உரிமச்சீட்டு முறையை நாடெங்கும் நிலைநாட்டியது. துப்பாக்கி செல்வரும் அலுவலரும் உரிமம் பெற்று வைத்திருக்கும் பொருளாயிற்று. குறி பார்க்கும் கலை ஊர்ப்பொதுவினின்று நீங்கிச் சிலர்க்கே உரியதாயிற்று.

எனினும் எந்தச் சட்டமும் களிமண் உருட்டும் கையைத் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. படைக்கலம் பறிபோன நாட்டில் பயிற்சிக்கருவி எஞ்சியது. அஃது எஞ்சியமைக்குக் காரணம் அதன் சிறுவிசையே. ஆட்சியாளர் அதனை அஞ்சவில்லை. உழவர்க்கோ அது பயிர்க்காவலுக்கு வேண்டியிருந்தது. வலியாற் பெருமை பெற்றவை அழிந்தன; வலியின்மையால் உண்டைவில்லின் வழிமுறை பிழைத்தது.

இக்காலத்தே மேலை நாடுகளில் இதற்கு எதிரான வழி நிகழ்ந்தமையும் ஒப்புநோக்கத்தக்கது. 1845-ஐ ஒட்டிப் பிரான்சு நாட்டுத் துப்பாக்கி வினைஞர் புளோபேர் என்பார், வீட்டுக் கூடத்திற் குறிபழகுதற்கென மிகச் சிறிய விசையுடைய தோட்டாவை அமைத்தார். செர்மனியிலும் அறைக்குள் குறிபழகுதற்கெனத் தனித் துப்பாக்கிகள் செய்யப்பெற்றன. அங்கு முதலிற் பெரும்படைக்கலம் இருந்தது; அதனைக் குறைத்து வீட்டிற்குக் கொணர்ந்தனர். நம் நாட்டிலோ வீட்டுப்பொருள் முதலில் இருந்தது. அதனினின்று போர்க்கருவி வளர்ந்தது. வழி வேறாயினும் தேவை ஒன்றே. தீங்கு குறைந்த கருவியாற் கண்ணும் கையும் பழகிய பின்னரே தீங்கு மிக்க கருவி கைக்கு வருதல் வேண்டும் என்னும் அறிவு இரு நிலத்தார்க்கும் பொதுவாக இருந்தது. 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளிற் காற்றுத்துப்பாக்கி இடம்பெற்றமை, அவ்வறிவு விளையாட்டாக முதிர்ந்தமைக்குச் சான்று.

விடுதலைக்குப்பின் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. தோட்டா செய்தல், துப்பாக்கி வைத்திருத்தல் ஆகியவை இன்று உரிமத்திற்குக் கட்டுப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் தடுத்துவிட்டது. ஆதலின் முயலையும் காட்டுப் பறவையையும் குறி பார்த்தல் பழங்கதையாயிற்று. இது வருந்தத்தக்கதன்று. இன்று பள்ளிச் சிறார் களிமண்ணில் விதை பொதிந்து உருட்டும் விதைப்பந்தைக் காணுங்கால், உண்டை உருட்டும் கைவழக்கம் வேறொரு பயனை நாடிச் செல்கின்றது என்று மகிழலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, வீட்டிற் செய்து சிறுவிசையோடு எய்யும் பயிற்சிப் பொருள்கள் சங்ககாலத்திலேயே தமிழர் வாழ்வில் இருந்தன. 324-ஆம் புறப்பாட்டின் முள்ளம்பு அதற்குத் தெளிந்த சான்று. இரண்டாவது, ஆழ்வார் பாடல்களிலும் கம்பராமாயணத்திலும் வரும் உண்டை மண்ணாலாகிய சிறுவிசைப் பொருளே. அதன் சிறுவிசையை உணர்ந்தாலன்றி மந்தரையின் பகை விளங்காது. மூன்றாவது, மண்ணில் தடயம் விடாத இப்பொருளின் வரலாறு உண்டிவில் என்னும் தமிழ்ச்சொல்லிலும் வெடியுண்ட என்னும் மலையாளச் சொல்லிலும் எஞ்சியுள்ளது. நான்காவது, கொங்கின் மேட்டுநில வாழ்வும் பயிர்க்காவலும் அவ்வழக்கு நெடிது நிலைத்தற்கு இடமளித்தன.

முதுநிலை மாணாக்கர் செய்தற்குரிய பணி ஒன்று உண்டு. சோளக்காட்டுப் பரணில் காவலிருந்த தலைமுறை மறைந்து வருகின்றது. உண்டை, கவண், பரண் ஆகியவை பற்றி ஊர்தோறும் வழங்கும் சொற்களை அவர் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்தல் வேண்டும். நடுகல் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும். அதனைப் பின்வருவோரும் படித்துக்கொள்ளலாம். உலர்ந்த மண்ணுண்டையை மழை கொண்டுபோகும் முன்னர் அதன் பெயரையேனும் எழுதி வைத்தல் நம் கடனாம்.

கம்பர் மந்தரை வாயிலாகக் காட்டிய உண்மையும் வரலாற்று மாணவர்க்குரியதே. விசை குறைந்தது என்பதனால் விளைவு குறைந்தது என்று கொள்ளற்க. எலி நோக்கிய சிறுவனே பின்னர்ப் புலி குத்தினான். விளையாட்டாகத் தெறித்த உண்டையே பின்னர் ஓர் அரசை அசைத்தது.